கடல் தொட்டியும் ஒரு குடம் தண்ணீரும்

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அதை மேஜை மேல் வைத்துக்கொண்டு நாலு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"அக்கா, என் வீட்டுக்காரர் ஒரு நாள் சாயங்காலம் மூணு அடி கண்ணாடித் தொட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கடல் மீன் வளர்க்கப் போகிறாராம்! புரோட்டீன் ஸ்கிம்மர் என்று ஒரு மெஷின் கட்டாயம் வேண்டும் என்கிறார் கடைக்காரர். தொட்டிக்கும் விளக்குக்குமே இந்த மாதச் சம்பளத்தில் பாதி போய்விட்டது. அந்த மெஷின் இல்லாமல் நடத்த முடியாதா? நாளைக்கு மீன் செத்தால் பழி என் தலையில்தான் விழும்..."

முடியும், அம்மா. எங்கள் வீட்டிலேயே நடக்கிறது. ஆனால் முதல் தடவை முடியவில்லை. அந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

முதலில், அந்த மெஷின் என்னதான் செய்கிறது? ஜீனிப் பாகு காய்ச்சும்போது ஒரு கரண்டி பால் விடுகிறோம் அல்லவா? அழுக்கெல்லாம் நுரையோடு மேலே திரண்டு வரும். அதைக் கரண்டியால் எடுத்துக் கொட்டுகிறோம். ஸ்கிம்மர் செய்வதும் ஏறக்குறைய அதுதான். உயரமான குழாய்க்குள் பொடிப் பொடியாகக் காற்றுக் குமிழிகளை விடும். மீனின் கழிவு, தின்றது போக மிஞ்சிய தீனி, இவற்றிலிருந்து தண்ணீரில் கரைந்திருக்கிற புரதச் சத்து அந்தக் குமிழிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். நுரையாக மேலே ஏறி ஒரு கிண்ணத்தில் விழும். கிண்ணத்தைத் திறந்தால் சாக்கடை வாடை! அந்த அழுக்கு தண்ணீரிலேயே கிடந்து அழுகியிருந்தால் அம்மோனியாவாக மாறும். மீனுக்கு அது விஷம்.

நல்ல தண்ணீர்த் தொட்டியில் இந்த நுரை சரியாகத் திரளாது. உப்புத் தண்ணீரில்தான் குமிழி பொடியாக நிற்கும். கடற்கரையில் அலை அடித்து நுரை ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி.

இதை நான் தெரிந்துகொள்ளக் கொடுத்த விலை ஏழு மீன்கள்.

2022 கோடை விடுமுறையில் என் பேத்திக்காகப் பிள்ளை ஒரு கடல் தொட்டி வாங்கினான். 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தை அவள் எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று கணக்கே இல்லை. ஆரஞ்சு வண்ணக் கோமாளி மீன் 'நீமோ', நீல மீன் 'டோரி' இரண்டும் வேண்டும் என்று அடம். ஸ்கிம்மர் விலையைக் கேட்டதும் பிள்ளை, "அதெல்லாம் எதுக்கும்மா? நம்ம பழைய தங்கமீன் தொட்டிக்கு என்ன மெஷின் இருந்துச்சு?" என்றான். எனக்கும் சரியென்றே பட்டது. தொட்டி வைத்த பத்தாம் நாளே ஏழு மீன்களை விட்டோம். காலையில் வாக்கிங் போய்விட்டு வந்து இவர் ஒரு கை தீனி போடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்து பேத்தி ஒரு கை. ராத்திரி படுக்கப் போகும் முன் பிள்ளை ஒரு கை. ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது!

மூன்றாம் வாரம் தண்ணீர் அரிசி கழுவிய கழுநீர் மாதிரி ஆயிற்று. மேலே எண்ணெய்ப் படலம். மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கடைக்காரரிடம் ஓடி ஒரு பரிசோதனைச் சீசா வாங்கி வந்து பார்த்தால், அம்மோனியா அட்டையில் கரும்பச்சை. "பாட்டி, டோரி ஏன் சாஞ்சு படுத்திருக்கு?" என்று குழந்தை கேட்டாள் பாருங்கள், இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு பிசைகிறது. நாலே நாளில் தொட்டி காலி.

தப்பு மெஷின் இல்லாததில் இல்லை. மெஷின் செய்கிற வேலையை வீட்டில் ஒருவரும் எடுத்துக்கொள்ளாததுதான் தப்பு. அது பிறகுதான் உறைத்தது.

ஸ்கிம்மர் இல்லாத காலத்திலும் கடல் மீன் வளர்த்திருக்கிறார்கள். நம் சென்னை மெரினாவில் 1909-லேயே மீன் காட்சிசாலை திறந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை அது நடந்தது. எதிரிலேயே கடல், அவர்களுக்குத் தண்ணீருக்கு என்ன பஞ்சம்! வீட்டுத் தொட்டி என்று பார்த்தால், இந்தோனேசியாவில் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து உயிர்கள் ஒட்டிய கற்களையே எடுத்து வந்து அடுக்கி, காற்றுக் குமிழி மட்டும் விட்டுப் பவளம் வளர்த்தார். 1961-ல் அதைப் பற்றி அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் எழுதினார். அமெரிக்காவில் வால்டர் ஏடி என்ற விஞ்ஞானி வேறு வழியில் போனார். விளக்கு வெளிச்சத்தில் பாசியை வளர்த்து, அந்தப் பாசி கழிவுச் சத்தைத் தின்று கொழுத்ததும் சுரண்டி எடுத்துவிடுவது அவர் முறை. இந்த இரண்டு பேர் வழியையும் கலந்துதான் எங்கள் இரண்டாவது தொட்டி.

கல் விஷயத்தில் முதலிலேயே ஒரு எச்சரிக்கை. சில கடைகளில் 'லைவ் ராக்' என்று கேட்டால் உள்ளே கூப்பிட்டுக் காட்டுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது பவளப் பாறையின் துண்டு. நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கிற அதே அட்டவணை! கடல் குதிரைக்கும் அந்த வருஷமே அந்தப் பாதுகாப்பு வந்தது. விற்பவர் மட்டுமல்ல, வாங்கி வீட்டில் வைத்திருப்பவரும் மாட்டிக்கொள்வார். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க அரண் இல்லாமல் போய், பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. நம் வீட்டு வரவேற்பறைக்கு அந்தக் கல் வேண்டாம், சகோதரி.

அதற்குப் பதில், பொடிப் பொடித் துளைகள் உள்ள பீங்கான் கல்லும் பீங்கான் வளையங்களும் கிடைக்கின்றன. கல்லின் அழகு முக்கியமில்லை, துளைதான் முக்கியம். அந்தத் துளைகளில்தான் பாக்டீரியா குடியேற வேண்டும். வெளிப்புறம் இருக்கிறவை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். காற்றுப் படாத உள்துளைகளில் வேறு ஜாதி பாக்டீரியா, நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். இவை பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டியில் மீன் கூடாது. பாலை ஊற்றிய உடனே தயிர் கேட்டால் கிடைக்குமா? நல்லபடியாக ஓடுகிற தொட்டி யாரிடமாவது இருந்தால் நாலு பீங்கான் வளையம் கேட்டு வாங்கிப் போடுங்கள். உறை மோர் விட்ட மாதிரி வேலை சீக்கிரம் நடக்கும்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று பரிசோதனை காட்டிய பிறகுதான் நாங்கள் மீன் வாங்கப் போனோம். இரண்டே இரண்டு கோமாளி மீன், தொட்டியைச் சுத்தம் செய்ய ஒரு இறால், நாலைந்து நத்தை. அவ்வளவுதான்! மூன்றடிக்கு ஒன்றரை அடி, உயரம் ஒன்றரை அடி என்றால் கணக்குக்கு 190 லிட்டர். கல்லும் மேல் இடைவெளியும் போக 160 லிட்டர்தான் நிற்கும். ஸ்கிம்மர் இல்லாத இந்த அளவுத் தொட்டிக்கு மூன்று, நான்கு சின்ன மீனுக்கு மேல் நான் சொல்லமாட்டேன். டோரி வேண்டவே வேண்டாம். நீந்த ஆறடி கேட்கிற மீன் அது. கடைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் கடலிலிருந்து பிடித்ததுதான். கோமாளி மீன் அப்படியில்லை. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலேயே தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்திருக்கிறார்கள். "பண்ணையில் பிறந்ததா?" என்று கேட்டு வாங்குங்கள். அது தீனிக்கும் தொட்டிக்கும் பழகியது, சட்டென்று சாகாது.

தீனிப் பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுத்தோம், பேத்தியிடம். ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை. இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு. ஐஸில் உறைந்த இறால் குஞ்சுத் தீனி போடுகிற நாளில், கரைந்த பிறகு டீ வடிகட்டியில் கொட்டி நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் போடுவாள். அந்தச் சாறுதான் தண்ணீரைக் கெடுப்பது. சனிக்கிழமை மீன்களுக்கு விரதம். இவருக்கு அது பொறுக்காது. "பாவம்டி, பசிக்காதா?" என்று டப்பாவைத் தேடுவார். டப்பா என் பீரோவில்!

தண்ணீர் மாற்றுவதுதான் பெரிய வேலை. ஞாயிறுதோறும் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 16 லிட்டர். ஒரு பிளாஸ்டிக் குடம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு குடம் பழைய தண்ணீர் வெளியே, ஒரு குடம் புதுத் தண்ணீர் உள்ளே. லிட்டருக்கு 35 கிராம் கடல் உப்புக் கலவை வீதம் குடத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேலே ஆகும். முதல் நாள் ராத்திரியே கலந்து, சின்ன மோட்டார் போட்டுச் சுற்றவிட வேண்டும். அடர்த்தி 1.025 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

"தூத்துக்குடிக் கல்லுப்பு கிலோ எவ்வளவு மலிவு, அதைப் போட்டால் என்ன?" என்று என் நாத்தனார் கேட்டார். நானும் முதலில் கேட்டேன்தான்! உப்பளத்தில் உப்பு விளைந்ததும் மெக்னீசியம் எல்லாம் கசப்பு நீராக வடிந்து போய்விடும். மிஞ்சுவது நம் சாம்பாருக்கு ஆகும், மீனுக்கு ஆகாது. கடல் தண்ணீரையே கொண்டு வரலாமே என்றால், கூவம், அடையாறு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எடுத்தால் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்து வரும். மழை பெய்த வாரத்தில் உப்பும் குறைந்திருக்கும். உங்கள் திருச்சிக்கு அந்தக் கேள்வியே இல்லை.

தினமும் ஆவியாகிக் குறைகிற தண்ணீர் வேறு கணக்கு. உப்பு ஆவியாகாது, தண்ணீர்தான் போகும். ஆகவே அதற்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்தான் விட வேண்டும். தொட்டியில் ஒரு நாடா ஒட்டி அடையாளம் வைத்திருக்கிறோம். கத்திரி வெயிலில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டும். 26, 27-ல் நிற்பதுதான் நல்லது. ஒரு சின்ன மின்விசிறியைத் தண்ணீர் மேல் படும்படி திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறைகிறது. மண்பானை குளிர்கிற அதே தத்துவம். அந்த நாட்களில் தினம் இரண்டு மூன்று லிட்டர் விட வேண்டியிருக்கும்.

பாசிக்குத் தொட்டிக்குக் கீழே தனியாக ஒரு பெட்டி. சிக்குப் பிடித்த பச்சை நூல்கண்டு மாதிரி 'சீட்டோ' என்று ஒரு பாசி கிடைக்கும். மேல் தொட்டியில் விளக்கு அணைத்த பிறகு இதற்கு விளக்கு. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்று வளரும், ராத்திரியில் பிராணவாயுவும் கொடுக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி பிய்த்து எடுத்துவிடுவோம். எடுக்காமல் விட்டால் அழுக்கு தொட்டியிலேயே இருப்பதாகத்தான் அர்த்தம். அந்த எண்ணெய்ப் படலத்துக்கு, மோட்டாரின் வாயை மேல்நோக்கித் திருப்பித் தண்ணீர் மட்டம் சலசலவென்று ஆடும்படி வைத்தோம். அப்படியும் படிந்தால் மெல்லிய டிஷ்யூ காகிதத்தை மேலே விரித்து அப்படியே தூக்கினால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

ஆரம்பத்தில் இந்த ஞாயிற்றுக்கிழமைக் குடம் யார் தலையில் விழுந்தது என்று நினைக்கிறீர்கள்? ஆமாம், என் தலையில்தான். பிள்ளைக்கு ஆபீஸ் களைப்பு, மருமகளுக்கு வாரத்துக்கு ஒரு நாள் லீவு, இவருக்கு முதுகுவலி. சரியென்று நானே கையை விட்டுக் கல்லைத் தேய்ப்பேன். ஒரு நாள் பீங்கான் கல்லின் முனை விரலில் கீறிற்று. மஞ்சளைத் தடவிக்கொண்டு மறந்துபோனேன். மூன்று வாரம் கழித்து அந்த இடத்தில் சிவப்பாக ஒரு கட்டி. வலியில்லை, ஆறவுமில்லை. எனக்குச் சர்க்கரை வேறு உண்டு. முதலில் பார்த்த டாக்டர் சாதாரணப் புண் என்று மருந்து கொடுத்தார், கேட்கவில்லை. கட்டி முழங்கையை நோக்கி வரிசையாக இன்னும் இரண்டு கிளம்பியது. தோல் டாக்டர்தான் பார்த்ததும், "வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டார். மீன் தொட்டியில் வாழ்கிற ஒரு பாக்டீரியா, காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். 'மைக்கோபாக்டீரியம் மரினம்' என்று பெயர். நாலு மாதம் மாத்திரை சாப்பிட்டேன்.

அதனால் சொல்கிறேன். கையில் கீறல் இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள். முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்காதீர்கள். ஆறாத கட்டி வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் மீன் தொட்டி இருக்கிறதென்று நீங்களே சொல்லுங்கள். இன்னொன்று, உப்புத் தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒயர் பிளக்குக்குள் போகும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்க வேண்டும், சொட்டுகிற தண்ணீர் அங்கேயே விழுந்துவிடும். மின்கசிவு வந்தால் தானே அணைகிற சுவிட்ச் இல்லாத வீட்டில் கடல் தொட்டி வைக்கவே கூடாது.

என் விரல் கட்டைப் பார்த்த அன்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. மருமகள்தான் ஆரம்பித்தாள். "அத்தை கையை விடக்கூடாது. மெஷின் வேண்டாம்னு யாரு சொன்னாங்களோ அவங்களே மெஷின் வேலையைப் பார்க்கட்டும்" என்றாள். பிள்ளை வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து ஞாயிறு காலை குடம் அவனுடையது. இல்லையென்றால் ஸ்கிம்மர் வாங்கி வை என்று தீர்ப்பு! இன்றுவரை வாங்கவில்லை.

2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்ததே, அப்போதுதான் பெரிய சோதனை. எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மோட்டார் நின்றால் தண்ணீரில் காற்றுக் கலப்பதும் நிற்கும். மீனுக்கு மட்டுமல்ல, கல்லில் குடியிருக்கிற பாக்டீரியாவுக்கும் மூச்சு முட்டும். என்ன செய்வது? பேத்தி ஒரு சொம்பை எடுத்தாள். தொட்டித் தண்ணீரை மொண்டு, காபி ஆற்றுகிற மாதிரி உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தாள். மணிக்குப் பத்து நிமிஷம் என்று முறை வைத்துக்கொண்டோம். வெளியே முழங்கால் தண்ணீர், உள்ளே மெழுகுவர்த்தி வெளிச்சம். ராத்திரி இரண்டு மணி முறை இவருடையது. முதுகுவலியை மறந்து எழுந்து ஆற்றினார் மனுஷர்! தீனி அறவே நிறுத்தினோம். கரண்ட் வந்தபோது இறால் போயிருந்தது. கோமாளி மீன் இரண்டும் பிழைத்தன. பேட்டரியில் ஓடுகிற காற்று மோட்டார் ஒன்று அடுத்த வாரமே வாங்கி வைத்தோம். அதை நீங்கள் முதல் நாளே வாங்குங்கள், விலை அதிகமில்லை.

திருச்சி சகோதரிக்கு நேரான பதில் இது. உங்கள் வீட்டுக்காரர் பத்து மீன் வேண்டும், பெரிய மீன் வேண்டும் என்றால் ஸ்கிம்மர் இல்லாமல் ஆகாது. மாதம் பாதி நாள் வெளியூர் போகிறவராக இருந்தாலும் வாங்கிவிடச் சொல்லுங்கள். அதுவும் சும்மா ஓடாது, அந்த நாற்றக் கிண்ணத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கழுவ ஆள் வேண்டும். இரண்டு மீன் போதும், ஞாயிறு காலை ஒரு மணி நேரம் நான் தருகிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டால் மெஷின் தேவையில்லை. ஆறு வாரம் மீன் இல்லாத தொட்டியில் அவர் குடம் தூக்குகிறாரா என்று பாருங்கள். தூக்கினால் மீன் வாங்கலாம். இல்லையென்றால் தண்ணீரை இறக்கிவிட்டு, அதே தொட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றித் தங்கமீன் விடச் சொல்லுங்கள்.

அடுத்த கடிதத்தில் வீட்டுக்கு என்ன தண்ணீர் வருகிறது, காவிரியா போர்வெல்லா என்று எழுதுங்கள். போர்வெல் என்றால் வேறு சில விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.